அசைவும் உயிரும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெயின்கார்டுகேட் வழியாகத் தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைவீதிக்குள் நுழைவது நம் நெடுநாளைய வழக்கம். அந்த நடையில் இப்போதெல்லாம் நம் கண்கள் தெருவில் நிற்பதில்லை, மேலேயே போய்விடுகின்றன. கடைகளின் நெற்றியில் மின்திரைகள் ஏறிவிட்டன. சென்ற ஆடி மாதத்தில் ஒரு துணிக்கடைத் திரையின்கீழ் நின்று, வருவோர் போவோர் இடிக்க இடிக்க, முழுதாகப் பத்து நிமிடம் பார்த்தோம். பட்டுப்புடவை ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. விண்மீன்கள் தெறித்தன. பிறகு 'தள்ளுபடி' என்னும் சொல் வந்து, தன் அச்சில் பம்பரம்போல் சுழலத் தொடங்கியது. அரைச் சுற்று முடிந்தபோது சொல்லின் முதுகு நமக்குத் தெரிந்தது. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி நின்றன. 'ப' ஒன்றுதான் தப்பியது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றே அல்லவா?

அந்தச் சொல் ஏன் சுழன்றது? கேட்டுப் பார்த்தால் விடை இராது. கணினியில் ஆயத்தமாகக் கிடைத்த வார்ப்பில் நம் எழுத்தை ஊற்றியிருக்கிறார்கள். வார்ப்பு சுழல்கிறது, ஆகவே எழுத்தும் சுழல்கிறது. ஆனால் தமிழ் எழுத்துக்கு அசைவு வெளியிலிருந்து கடன் வாங்கப்பட வேண்டியதன்று. சுழித்துத் தொடங்கி, வளைந்து இறங்கி, நேரே நின்று முடியும் 'அ'கரத்தை மணலில் எழுதிய பிள்ளையின் விரல் அறியும், அவ்வெழுத்து எந்த வழியே நடந்து வந்ததென்று. அந்த நடையையே திரையில் காட்டினால் போதும். பார்ப்பவர் கை தானாகக் கூட எழுதும். 1955ஆம் ஆண்டிலேயே சால் பாஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' என்னும் படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலை, காகிதம் வெட்டினாற்போன்ற சில வெள்ளைக் கீற்றுகளை மட்டும் அசைத்து அமைத்தார். அக்கீற்றுகள் கூடிக் கலைந்து, இறுதியில் முறுகிய ஒரு கையாக நிற்கும். போதைப் பழக்கத்தில் சிக்கிய ஒருவனின் கதை அது. கீற்றுகளின் அசைவு கதைக்குள்ளிருந்தே வந்தது. நம் தள்ளுபடியின் சுழற்சியோ எங்கிருந்தும் வரவில்லை.

அனிமேஷன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் நம் எழுத்தாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. 'அசைவூட்டம்' என்பார் சிலர். 'உயிரூட்டம்' என்பார் வேறு சிலர். இரண்டும் ஒன்றெனக் கொண்டு மாற்றி மாற்றி எழுதுவோரும் உளர். நமக்கு அது சிறிய வேறுபாடாகத் தோன்றவில்லை. குருமடத்தில் இலத்தீன் பயின்ற காலத்தில் 'அனிமா' என்றால் ஆன்மா, உயிர் என்று மனப்பாடம் செய்தோம். உயிருள்ளது எது, உயிரற்றது எது என்ற கேள்விக்குப் புனித தோமா அக்குவினார் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றித் தந்த விடை மிக எளிமையானது: தன்னைத் தானே அசைத்துக்கொள்வது உயிருள்ளது, பிறிதொன்றால் தள்ளப்பட்டு அசைவது உயிரற்றது. மெய்யியல் வகுப்பில் கொட்டாவியுடன் கேட்ட இந்த வரையறை, முப்பது ஆண்டுகள் கழித்துத் துணிக்கடைத் திரையின்கீழ் நமக்குப் பயன்படும் என்று யார் நினைத்தார்? வரைந்த கோடு மெய்யாகவே உயிர் பெறுவதில்லை என்பதை யாவரும் அறிவோம். ஆயினும் நல்ல கலைஞன் கையில் அக்கோடு தனக்குள்ளே ஒரு காரணம் இருப்பதுபோல அசைகிறது. அதுவே உயிரூட்டம். மற்றவையெல்லாம் அசைவூட்டம் என்ற பெயரோடு நின்றுகொள்ளட்டும்.

இவ்வூருக்கு அசையும் படம் புதிதன்று என்பதை இடையே நினைவுபடுத்த விரும்புகிறோம். 1905ஆம் ஆண்டு, இங்கே தென்னிந்திய இரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். அவர் காட்டிய படங்களுள் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. பின்னாளில் கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் பலருக்கும் தெரிந்திருக்கும். திருச்சிக்காரர்கள் அவரை மறந்துவிட்டது வேறு கதை.

வடிவமைப்பில் அசைவு எத்துணைச் சிக்கனமாக இருக்கலாம் என்பதற்கு நாம் கண்ட முதல் சான்று, ஊராட்சி மன்றத் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்தது. நிகழ்ச்சி தொடங்குமுன் தூர்தர்ஷன் சின்னம் தோன்றும். இரண்டு வளைவுகள் ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுழன்று வந்து, இறுதியில் கண்ணாக அமரும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராயிருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யா வரைந்த வடிவம் அது. அதற்கு அசைவு தந்தவர் ஆர். எல். மிஸ்திரி. இசை பண்டிட் இரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், வானொலியினின்று தொலைக்காட்சி தனியே பிரிந்தபோது இச்சின்னம் வந்தது. அன்று கணினி இல்லை. கையால் செய்து, படச்சட்டம் படச்சட்டமாகக் கேமராவில் எடுத்தது. அதிலும் வடிவம் சுழல்கிறதே, அது மட்டும் சரியா என்று வாசகர் வினவலாம். சரிதான். ஏனெனில் அங்கே சுழற்சிக்கு ஒரு சேருமிடம் உண்டு. சிதறிக் கிடந்தவை தேடித் தேடி ஒன்றையொன்று கண்டு, கண் திறந்ததும் அசைவு நின்றுவிடுகிறது. நிற்கத் தெரிந்த அசைவு அது. நம் கடைவீதித் திரைகளுக்கு நிற்கத் தெரியவில்லை. நின்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற அச்சம் அவற்றின் ஒவ்வொரு மினுக்கலிலும் தெரிகிறது.

இக்கலை நம் நாட்டில் வேரூன்றிய வரலாறும் சுவையானது. வால்ட் டிஸ்னியிடம் 'பாம்பி' முதலிய படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் 1956ஆம் ஆண்டு மும்பை வந்து, மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் கேலிச்சித்திரப் படக் குழுவொன்றைப் பயிற்றுவித்தார். மிஷனரிப் பெற்றோருக்கு இந்திய மண்ணில் பிறந்தவர் அவர் என்பதை நாம் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுவதை வாசகர்கள் பொறுத்தருள்க. அவரிடம் பயின்று 1957இல் 'பானியன் டீர்' என்னும் ஜாதகக் கதைப் படத்தில் கைகொடுத்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். பின்னாளில் நூற்றுக்கணக்கான விளம்பரங்களை ஆக்கியவர், 1989இல் ஏவி.எம். தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தோடு சித்திர விலங்குகளை ஆடவிட்டவரும் அவரே. 2019இல் காலமானார்.

ஆயினும் அவர் பெயரைச் சொன்னவுடன் நம் நெஞ்சில் வருவது 1974இல் வெளிவந்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்னும் ஏழு நிமிடப் படந்தான். விஜயா முலே உருவாக்கிய அப்படத்தின் சித்திரப் பணியில் பீம்சேனும் ராம் மோகனும் பங்கேற்றனர். வேடனின் வலையில் அகப்பட்ட பறவைகள் வலையோடு சேர்ந்து பறந்து தப்பும் பஞ்சதந்திரக் கதையை, அக்காள் தன் தம்பிக்குப் பாடிக் காட்டுகிறாள். பொருளோ அரசாங்க விளம்பரப் பொருள்: ஒற்றுமையே பலம். இதைவிடச் சலிப்பூட்டும் தலைப்பு உண்டோ? ஆயினும் அப்பறவைகள் வலையைத் தூக்கும் இடத்தில் நம் மூச்சும் சேர்ந்து மேலெழும்புகிறது. படத்தின் ஆக்கமோ மிக எளியது; பின்னணிகள் சிலவே, கோடுகள் சிலவே. ஒன்றிலிருந்து பலவும், பலவற்றிலிருந்து ஒன்றும் தோன்றுவதைச் சொல்லால் விளக்காமல் சித்திரத்தின் பெருக்கத்தாலேயே விளக்கியிருப்பது அதன் உயர்வு. பொருளே அசைவாகிவிட்டது. ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். பலவும் ஒன்று என்று பாடிய அப்படத்தை நாம் பார்த்தது இந்தியில். சொல் விளங்காமலேயே பாடித் திரிந்தோம். பறவைகள் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. பாட்டுக்குத்தான் அது தேவைப்பட்டது.

வணிக விளம்பரங்களுக்கு வருவோம். 1992 முதல் குளிர்பானம் விற்க வந்த, நெளிமுடி கொண்ட ஃபிடோ டிடோவைப் பற்றிச் சொல்ல நமக்கு அதிகமில்லை. அழகிய கோடு, ஆனால் அயலூர்ப் பிள்ளை. களிமண் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி எடுத்த அமரான் மின்கல விளம்பரங்கள் உண்மையான கைவேலை. அவற்றில் விரல் ரேகை தெரிவது போன்றதோர் இதம் உண்டு. நாம் நின்று பேச விரும்புவது 2009ஆம் ஆண்டின் வோடஃபோன் 'ஜூஜூ'க்களைப் பற்றி. முட்டைத் தலையும் உப்பிய உடலுமாக, புரியாத மொழியில் கிறீச்சிட்டுக்கொண்டு, அவ்வாண்டு ஐ.பி.எல். ஆட்டங்களின் நடுவே நாளுக்கொன்றாக வந்த அவ்வெள்ளை உருவங்களை மறந்திருக்க மாட்டீர்கள். நம் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகள் ஞாயிறு வகுப்பில் அவற்றைப் போலவே நடந்து காட்டுவர். நாமும் நாடெங்கும் உள்ளவர்களும் அவற்றைக் கணினிச் சித்திரம் என்றே எண்ணினோம். அவை சித்திரமே அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஓகில்வி நிறுவனத்துக்காக இயக்குநர் பிரகாஷ் வர்மா, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், மெல்லிய உடலமைப்புடைய கலைஞர்களுக்குப் பஞ்சு பொதிந்த உடையும் பெரிய தலையும் மாட்டி, முகபாவங்களை ரப்பரில் செய்து ஒட்டி, வழக்கத்தைவிடக் குறைந்த படச்சட்ட வேகத்தில் எடுத்தவை அவை. அந்த வேகக் குறைப்பால்தான் நடையில் ஒரு சித்திரத் துள்ளல் வந்தது.

விமரிசகன் இங்கே இருமனப்படுகிறான். கைத்திறனைப் பார்த்தால் இந்நாட்டு விளம்பரக் கலையில் இதற்கு ஈடு சிலவே. பேச்சில்லை, சாதியில்லை, நிறச்சாயலில்லை. தொலைபேசி வழி சோதிடமும் விளையாட்டுச் செய்தியும் தருகிறோம் என்ற அற்பப் பொருளை, பிள்ளைகள் கதையாக மாற்றிவிட்டார்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சித்திரத்துக்கு உயிர் தருவதே இக்கலையின் நெடுநாள் ஏக்கம். இங்கோ உயிருள்ள மனிதர்கள், தாங்கள் உயிரற்ற சித்திரம் என்று உலகம் நம்பும்படி, கனத்த உடைக்குள் வியர்த்துக்கொண்டு நடித்தனர். உள்ளே ஆள் இருப்பது தெரியாமற் போவதுதான் அவர்கள் வெற்றி. அந்தச் சிரிப்பை நாம் இன்றும் விரும்புகிறோம். ஆனால் அறிந்த பிறகு பார்க்கும்போது அச்சிரிப்பில் பாதி குறைந்துவிடுகிறது.

இதை எழுதும்போது ஆற்றுக்கு அக்கரை நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. ஒரு மார்கழியில், வைணவ நண்பர் ஒருவர் அழைக்க, திருவரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டை ஒதுங்கி நின்று கண்டோம். கருவறையில் பள்ளிகொண்ட மூலவர் அசைவதில்லை. உற்சவரோ உலா வருகிறார். அவ்வுலாவுக்கு நடையழகு உண்டு. சிம்ம கதி, சர்ப்ப கதி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கின்றனர். சிம்ம கதியில் ஓர் அடி எடுத்து வைத்து, நின்று, இருபுறமும் நோக்குவது போன்ற கம்பீரம். படிமம் தானாக அசையவில்லை என்பது அங்கு நிற்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் தோளும் வியர்வையும் கண்ணெதிரே இருக்கின்றன. ஒருவரும் அவர்களை மறைக்கவில்லை. ஆயினும் அடியார் கண்களில் நடப்பவர் நம்பெருமாளே. அவர்தம் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. கலையைப் பற்றிப் பேசலாம். தாங்குபவர் தெரிந்தும், நடை மட்டும் மனத்தில் பதிகிறது. நம்மவரிடையேயும் இதற்கு இணை உண்டு. மன்னார் பேசாலையில் ஆளுயரச் சுரூபங்களை இயக்கி ஆண்டவரின் பாடுகளை நடத்தும் 'உடக்குப் பாஸ்' மரபு அத்தகையது. பெரிய வெள்ளியன்று தோள்மூட்டு மடங்கும் சுரூபத்தைச் சிலுவையினின்று இறக்கும்போது, ஆணி கழன்ற கை மெல்லத் தாழ்வதைக் கண்டு விம்மாத கூட்டத்தை நாம் பார்த்ததில்லை. அக்கையை இறக்குவது யாருடைய கை என்பது கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனையும் அறிந்திருந்தும் நாம் தவறிய இடமொன்று உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் நம் இளைஞர்கள் பங்குத் திருவிழாவுக்குக் கைப்பேசி அழைப்பிதழ் ஒன்று தயாரித்தனர். அதில் மாதா சுரூபம் கண் சிமிட்டிப் புன்னகைத்தது. உடனே மறுத்துவிட்டோம். 787ஆம் ஆண்டின் நீசேயா சங்கத்தையெல்லாம் இழுத்து, படிமத்துக்குச் செய்யும் வணக்கம் படிமத்தைக் கடந்து அது குறிப்பவரிடம் செல்கிறது, சிமிட்டும் கண்ணோ பார்ப்பவரைப் படிமத்திலேயே நிறுத்திவிடுகிறது என்று கால்மணி நேரம் விளக்கினோம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டனர். எவ்வளவு புரிந்ததோ!

அடுத்த மாதமே, பொன்மலைப் பணிமனையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் காலமானார். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியின் முடிவில், ஆலயத் திரையில் ஒரு நிமிடப் படம் காட்ட வேண்டுமென்று பேரன் கேட்டான். பழைய நிழற்படத்தை அசைய வைக்கும் செயலிகள் 2021 முதல் பரவலாகிவிட்டதை அறிவோம். துக்கத்தில் இருப்பவனிடம் சங்கங்களைப் பேசுவதா என்று எண்ணி இசைந்தோம். பணி அடையாள அட்டையிலிருந்த முகம் அது, இறுக்கமானது. திரையில் அது இமைத்தது, தலை திருப்பியது, பல் தெரியச் சிரித்தது. கூடியிருந்தோர் விம்மினர். முதல் வரிசையில் இருந்த மூதாட்டி மட்டும் நம்மைப் பார்த்தார்.

பிற்பாடு சக்கிறீஸ்துக்கு வந்து சொன்னார்: "இது அவரு இல்ல சாமி. அவருக்கு முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருந்துச்சி. சிரிச்சா வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பாரு. நாப்பத்தாறு வருசமா அந்தக் கையத்தான் பாத்திருக்கேன்."

அச்செயலிகள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பிறகு கேட்டறிந்தோம். யாரோ ஒருவருடைய முக அசைவைப் பதிந்து வைத்திருப்பார்களாம். அதை எடுத்து நாம் கொடுக்கும் முகத்தின்மேல் போர்த்துவார்களாம். அப்படியானால் அன்று நம் ஆலயத்தில் சிரித்தது உண்மையிலேயே வேறொருவர். எங்கோ ஒரு கேமராவின் முன் அமர்ந்து, கூலிக்கோ வேடிக்கைக்கோ சிரித்த ஓர் அந்நியர். தள்ளுபடிச் சொல்லைச் சுழற்றிய வார்ப்பும் இதுவும் ஒரே இனம். அங்கே எழுத்தின் முதுகு தெரிந்தது. இங்கே அதுவும் தெரியவில்லை, ஒரு மனைவியைத் தவிர வேறெவருக்கும்.

பேரனிடம் பாட்டி சொன்னதைச் சொன்னோம். அவன் கோபித்துக்கொண்டான், சில மாதங்கள் நம் கண்ணில் படவில்லை. ஓராண்டு நினைவு நாளுக்கு முந்திய மாலையில் கைப்பேசியோடு வந்தான். காட்சிக் கலை படிக்கும் நண்பனிடம் கற்றுக்கொண்டு, தானே பென்சிலால் வரைந்தானாம். ஏறத்தாழ நாற்பது தாள்கள். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு. முகம் வரையவில்லை. வேட்டி கட்டிய ஓர் உருவம் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. தோள் ஒருமுறை குலுங்குகிறது. வலக்கை எழுந்து வாய்ப்பக்கம் போகிறது. அவ்வளவே. மூன்றரை நொடி.

பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். விமரிசகன் என்ற முறையில் நமக்குச் சில குறைகள் தெரிகின்றன. கை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது. தோள் குலுங்குவதற்கும் கை எழுவதற்கும் இடையே இன்னும் நான்கைந்து தாள்கள் விட்டிருக்கலாம், அவசரப்பட்டுவிட்டான். அதைச் சொன்னோம். அடுத்ததில் சரிசெய்கிறேன் ஃபாதர் என்றான்.